தொண்டைப் பாட்டுக்காரருக்கு ஓர் அஞ்சலி

செய்தியை அனுப்பிவிட்டுத் தேநீரை உறிஞ்சப் போன லிங்க் மாப்பிள்ளை, உறிஞ்சாமலே கோப்பையைக் கீழே வைத்தார். போயிருந்தது வேறு பதிவு.

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர். மீதி நேரமெல்லாம் இணையத்தின் சந்துபொந்துகளில் அலைபவர். பழைய தட்டச்சு இயந்திரங்களை வைத்துக் கச்சேரி செய்யும் குழு, பொத்தான்களைத் தைத்துத் தைத்தே முகங்கள் வரையும் பெண்மணி என்று எது கண்ணில் பட்டாலும் மனைவி வீட்டுக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். அதனால் வந்த பெயர்தான் ‘லிங்க் மாப்பிள்ளை’. ஒருவரும் பதில் போட்டதில்லை. அவருக்கோ கை அரிப்பு நின்றதில்லை.

அன்று அனுப்ப நினைத்தது, ஒரே தொண்டையில் இரண்டு சுரம் எழுப்பும் மலைநாட்டுப் பாடகர் ஒருவரின் பாட்டு. அனுப்பியது, அதைக் கேட்ட வேகத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே முயன்று பார்த்த பதிவு. எருமை வாய் கொப்பளிப்பது போல இருக்கும். மேலே அவர் எழுதியிருந்த வாசகம்: ‘இப்படி ஒரு குரல் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறக்கும்!’

பதறிப்போய் அழிக்கப் போனார். ‘எல்லாருக்கும் அழி’ என்பதை விட்டு ‘எனக்கு மட்டும் அழி’ என்பதில் விரல் பட்டுத் தொலைத்தது. இனி அந்தப் பதிவு எல்லார் கண்ணுக்கும் தெரியும், அவர் கண்ணைத் தவிர.

‘யாரும் திறக்காதீங்க, வைரஸ்!’ என்று தட்டினார். அதுவரை அவர் அனுப்பிய ஒன்றைக்கூடத் திறக்காத குடும்பம், மொத்தமாகத் திறந்தது.

முதலில் மச்சான் கூப்பிட்டார். “மாப்ள, யாரோ வலி தாங்காம கத்துற மாதிரி இருக்கே! ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?”

“வலி இல்ல மச்சான், கலை!” வாய் முந்திக்கொண்டது. “மலைநாட்டுப் பாடகர். பெரிய மேதை.”

“அப்போ வைரஸ்?”

“அது... வேற லிங்க்.”

அதோடு போயிருந்தால் தேவலை. மச்சினி இசை ஆசிரியை. மறுநாள் கடைக்கே போன் செய்தாள். “அத்தான், இவரை என் வகுப்புல பேச வைக்கணும். நம்பர் கிடைக்குமா?”

மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், யாருடைய லென்ஸையோ தப்பாக அறுத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் அனுப்பிய ஒன்றைப் பற்றிக் குடும்பமே பேசுகிறது. சொன்னால் அதுவும் போய்விடுமே.

“கிடைக்காதும்மா. போன வாரம்தான் தவறிட்டார்.”

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இது சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது. குழு முழுக்க இரங்கல் செய்திகள். குடியிருப்போர் சங்கத் தலைவரான மாமனார் அழைத்தார்.

“மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை சங்கக் கூடத்துல ஒரு அஞ்சலிக் கூட்டம் போட்டுடுவோம். நீங்கதான் பேசணும்.”

“எதுக்கு மாமா? அவர் ரொம்ப அடக்கமானவர். விளம்பரமே பிடிக்காது.”

“அதான் அடக்கம் பண்ணியாச்சே, இனிமே என்ன அடக்கம்? ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க.”

செத்தவருக்கு முகம் வேண்டுமே! தம் படத்துக்கே ஒரு செயலியில் நரைத்த தாடி ஒட்டி அனுப்பினார்.

அதன்பின் அவர் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பால்கனி.

“என்னங்க, கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி அலையுறீங்க?” என்றாள் மனைவி.

“துக்கம்.”

“அவ்வளவு பழக்கமா?”

“ரொம்ப நெருக்கம்.”

“பாவம்,” என்று குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடம் நிறைந்துவிட்டது. மேடையில் ஆளுயரத்துக்குத் தாடிக்காரர் படம். அதையே பார்த்துக்கொண்டிருந்த மாமியார், “நல்ல களையான முகம். எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு,” என்றார். மாப்பிள்ளை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மௌன அஞ்சலி முடிந்து பதிவைப் போட்டார்கள். இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளில் எருமை வாய் கொப்பளித்தது. எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். பல தோள்கள் குலுங்கின. மச்சினி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். தன் குரலுக்கு இத்தனை கண்ணீரா என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வேகத்தில் பேசினார். மேதை பனியில் வெறுங்காலோடு நின்று பாடிப் பழகியதைச் சொன்னார். கடைசி மூச்சிலும் இரண்டு சுரம் கேட்டதைச் சொன்னார். “அவரை மாதிரி இன்னொருத்தர் இல்ல,” என்று முடித்து, கும்பிட்டு, மைக்கின் பொத்தானை அமுக்கினார். அணையவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். அசையவில்லை.

மேடை ஓரத்தில் இருந்த மைக்செட்காரரிடம் குனிந்து கிசுகிசுத்தார். கிசுகிசுப்பும் கூடம் முழுக்கக் கேட்டது. “அண்ணே, பேசி முடிச்சாச்சு. மைக்கை அணைங்க.”

“முடியாது சார். நீங்களா உண்மையை ஒத்துக்கற வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு, மைக்செட்டுக்குச் சொல்லும்போதே உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க.”