புதினா அங்கிளுக்கு நான் நாக்கு

ஆட்டிறைச்சிக்கு எதைத் தொட்டுக்கொள்வது என்ற கேள்விக்காகவே ஆண்டவன் ஒரு மனிதரைப் படைத்தான் என்றால், அது எங்கள் புதினா அங்கிள்தான். பெற்றோர் வைத்த பெயர் எங்கள் மலையூரான ரிங்லெட்டில் யாருக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டத்து மேனேஜர் பங்களாவில் துரைமாருக்கு முப்பது வருஷம் சமைத்தவர். இறைச்சி மேல் மட்டும் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது.

"ஆடு பெரிய விஷயம் இல்லலா சார். அது பாட்டுக்கு வேகும். பக்கத்துல என்ன வைக்கிறோம்? அதுலதான் சமையக்காரன் இருக்கான்" என்பார்.

அதையும் அவர் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். வீட்டு நினைப்பில் வாடும் துரைக்குப் புதினா சாஸ். சிடுசிடுக்கும் துரைக்குக் கடுகு. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு ஸ்ட்ராபெர்ரியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சியது. ஒருமுறை விருந்துக்கு வந்த பெரிய துரை தக்காளி சாஸ் கேட்டாராம். இவர் ஆட்டையே தூக்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாராம். வேலை எப்படித் தப்பியது என்று பலமுறை கேட்டுவிட்டேன், பதில் வந்ததில்லை.

நான் இங்கே தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தவன், தனிக்கட்டை. நாலு மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கிவிடும். அப்புறம் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு அங்கிளும் மனைவியைப் பறிகொடுத்து, ஒரே மகளை மெல்பர்னுக்கு அனுப்பிவிட்டு, அவர் பங்குக்கு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கையில் கிண்ணத்தோடு என் கதவைத் தட்டினார்.

"சார், இதை நக்கிப் பாருங்க. புளிப்பு முந்துதா, இனிப்பு முந்துதா?"

"அங்கிள், நான் சைவம். ஆட்டுக்குத் தொட்டுக்கிறதை என்கிட்ட கொண்டு வர்றீங்களே?"

"புதினா என்ன நாலு கால்லயா நடக்குது? சாப்பிடுங்கலா!"

விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஒரு காய்ச்சல் அவருடைய மூக்கையும் நாக்கையும் மழுங்கடித்துவிட்டுப் போயிருந்தது. நாலு வருஷமாக வராத மகள் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பிடித்த ஆட்டு ரோஸ்டுக்குப் புதினா சாஸ் பழைய ருசியிலேயே அமைய வேண்டும், அப்பாவுக்கு நாக்கு போனது அவளுக்குத் தெரியவே கூடாது. ஆக, வாழ்நாளில் ஆட்டைத் தொடாத நான் ஆட்டு சாஸுக்கு நீதிபதியானேன். மாதக்கணக்கில் தினமும் சாயங்காலம் ரொட்டித் துண்டோடு தீர்ப்பு. பொதுவாக "நல்லா இருக்கு" என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"அதைத் துரை சொல்வான். நீங்க என் நாக்குலா, ஒழுங்கா சொல்லுங்க!"

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போன் வந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். "பரவால்லமா" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்தார். அதற்குள் ஆட்டுக்கால் வாங்கியாகிவிட்டது. பெருநாளன்று மதியம் சமைத்து, ஆறு சாஸ் கிண்ணங்களை வரிசையாக வைத்து, எனக்குக் காளானும் வறுத்த உருளைக்கிழங்கும் பரிமாறினார். அன்று மட்டும் ருசி பார்க்க என்னை முன்கூட்டியே கூப்பிடவில்லை.

உருளைக்கிழங்கைப் புதினாவில் தொட்டு வாயில் வைத்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருநாளும் அதுவுமாக ஒரு பொய் சொன்னால் என்ன என்றுதான் தோன்றியது. ஆனால் இத்தனை மாதம் என்னை நம்பிய மனுஷன்.

"அங்கிள், உப்பை அள்ளிப் போட்டுட்டீங்க."

கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என் மக இருந்திருந்தா, நல்லா இருக்குப்பான்னு சொல்லி அழுதுகிட்டே சாப்பிட்டிருப்பா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க சார், வேற புதினா பறிப்போம். ஆடு எங்க ஓடிடப் போவுது?"

கொல்லையில் தூறலில் நனைந்தபடி இரண்டு பேரும் பறித்தோம்.

இந்த வருஷம் எனக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில், இந்தக் குளிர் என் உடம்புக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று தும்மிக்கொண்டே எழுதினேன். அவரை விட்டுவிட்டு அங்கே போய் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?