வெள்ளித் துகளும் மாமனார் தேயிலையும்

"மறுபடியும் எகிறுது பாரு!" என்று யூ-ஜென் மேசையைக் குத்தினான்.

திரையில் பூச்சிமருந்தின் கோடு செங்குத்தாக நின்றது. சுத்தமான தேயிலைச் சாற்றுக்கு அது படுத்தே கிடக்க வேண்டும். நாளைக் காலை, தைவானின் ஷின்ச்சூ நகரிலுள்ள அவனுடைய ஆய்வகத்துக்கு மானியக் குழு வருகிறது. கோடு படுக்காவிட்டால் மூன்று வருட உழைப்பு குப்பைக்குத்தான்.

வெற்றிடப் பெட்டிக்குள் லேசர் விட்டுவிட்டு அடிக்க, வெள்ளி பொடிப்பொடியாகப் பறந்து, ஊசி ஊசியாய்ச் செதுக்கிய சிலிக்கான் தகட்டில் படியும். அதில் ஒரு சொட்டு விட்டால் மருந்து எவ்வளவு துளியூண்டு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இல்லாததைக் காட்டினால் என்ன செய்வது?

லேசரை இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டான். வெள்ளி நெருக்கமாகப் படிந்தது. கோடு இரண்டு மடங்கானது.

"எவன்டா க்ரீம் பூசின கையோட தகட்டைத் தொட்டது?"

எல்லோரும் கையுறை மாற்றினார்கள். கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மெஷின் மக்கர் பண்ணாமலிருக்க, அந்த ஊர் நம்பிக்கைப்படி லேசர் பெட்டி மேல் காவலுக்கு வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட் காலாவதியாகியிருந்தது. ஓடிப்போய்ப் புதிது வாங்கி வைத்தான். கோடு திரையின் உச்சியை முட்டியது.

"அண்ணே," என்றாள் ஆய்வகத்தில் இளையவளான பெய்-ஷான் மெதுவாக, "தேயிலையிலயே மருந்து இருந்தா?"

"வாயைக் கழுவு! என் மாமனார் தோட்டத்துத் தேயிலை அது. என்னைப் பெத்த மகனா நெனச்சு மாசாமாசம் அனுப்புறாரு. எட்டு வருஷமா அதைத்தான் குடிக்கிறேன். எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

கோபம் தணிய, மாமனார் அனுப்பிய சிவப்பு டப்பாவிலிருந்தே தேயிலை போட்டு இன்னொரு கோப்பை ஊற்றிக் குடித்தான். அவளுக்கும் ஒன்று நீட்டினான். ஆனாலும் மனம் ஆறவில்லை. மாமியாருக்குப் போன் போட்டான்.

"அத்தை, நீங்க அனுப்புற தேயிலையில மருந்து இருக்குதாம்! நம்ம மாமாவைப் பார்த்து இந்த மெஷின் சொல்லுது! உடைச்சுப் போட்டுடலாம்னு வருது."

"எது, அந்தச் சிவப்பு டப்பாவா?" மாமியார் சிரித்தாள். "மெஷினை ஏன் மாப்பிள்ளை திட்டுறீங்க? அது வெளியாளுங்களுக்கு. நம்ம வீட்டு ஆளுங்க குடிக்கன்னு கொல்லைப்பக்கம் மருந்தே அடிக்காம தனியா வளர்க்கிறாரே உங்க மாமா!"