ஒற்றைக்கால் கூரை தப்பித்தது

சான் யெரோனிமோ,
வெள்ளிக்கிழமை.

பாசமும் மரியாதையும் நிறைந்த எவுதோசியா அக்காவுக்கு, உன் ஆசியைக் கேட்டு தம்பி அன்செல்மோ எழுதுவது. இங்கே நானும் என் மனைவி நெரெய்தாவும் நலம். மரக்காய்போ வெயிலில் உன் மூட்டுவலி சற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, பிழைத்தேன்! இந்த வாரம் முழுக்க ஒரு சோள அரேபா ரொட்டிகூட தொண்டையில் இறங்கவில்லை, இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் நூலகத்திலிருந்து வகுப்புகள் வரை நடைபாதைக்கு மேலே அலை அலையாக ஓடுமே ஒரு கான்கிரீட் கூரை, ஐம்பதுகளில் கட்டியது, அதை இடித்துவிட்டு, போன வருஷம் திறந்த கண்ணாடி மண்டபத்துக்குக் கார்ப்பாதை போடுவேன் என்று பல்கலைக்கழகத் தலைவராக வந்திருக்கும் புது ரெக்டர் பெலிசாரியோ கிளம்பிவிட்டார். நான் கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் அல்லவா, "நீங்கதான் பேசணும்" என்று எல்லாரும் என்னை முன்னே தள்ளிவிட்டார்கள். ரெக்டரைப் பார்க்கக் கூரையடிக்குப் போனேன். போகிற வழியிலேயே செருப்பு அறுந்தது, நான் கொண்டுபோன பழைய புகைப்படங்களைக் காற்று அள்ளிக்கொண்டு போய் நீரூற்றில் போட்டது. சரி, வாய் இருக்கிறதே என்று, இந்த நிலம் கரும்புத்தோட்டமாக இருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"கரும்பெல்லாம் வேணாம்யா," என்றார் ரெக்டர். "இது ஏன் ஒத்தைக்கால்ல நிக்குது?"

"காத்து வரட்டும்னு மறுபக்கம் தூணே வைக்கல ஐயா."

"அப்ப எப்ப விழும்?"

நான் மறுபடியும் கரும்புக்கே திரும்பினேன். "வாங்க, என் கண்ணாடி மண்டபத்துல உக்காந்து முடிச்சுடலாம்," என்று ரெக்டர் எங்கள் எல்லாரையும் அழைத்துப்போனார். உட்கார்ந்தோமோ இல்லையோ, வானம் பிளந்தது. கண்ணாடி இடுக்கு வழியாக முதல் சொட்டு ரெக்டரின் காலருக்குள் போனது, அப்புறம் கொட்டியது பார், அருவி! தரை குளமாகிவிட்டது. மாணவர்கள், சமையற்காரிகள், நாய்கள், ரெக்டர், நான் எல்லாரும் ஓடிப்போய் நின்றது அந்தப் பழைய கூரைக்கு அடியில்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஒரு மாணவி அவரை முழங்கையால் இடித்தாள். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இதைத்தான இடிக்கப் போறீங்க?"

கூட்டமே சிரித்தது. ரெக்டர் கழுத்துப்பட்டையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "சரிய்யா, இடிக்கல. போதுமா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் அக்கா. நெஞ்சிலிருந்து பாறையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அத்தானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கடவுள் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உன் தம்பி,
அன்செல்மோ

பின்குறிப்பு, திங்கட்கிழமை: ரெக்டருக்குக் கூரைமேல் ஒரேயடியாகப் பாசம் பொங்கி, அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார். சுற்றிலும் வேலி போட்டாயிற்று, இனி யாரும் அடியில் நடக்கக் கூடாதாம். எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள், வேலிக்கு வெளியே நனைந்துகொண்டே எழுதுகிறேன்.