உறங்கும் வாசகரும் நான்காம் விதியும்

தும்பிக்கையான் துணை நிற்க! உரும்பிராய்ச் சந்திக்கு வடக்கே, ஓடு பாதியும் கிடுகு பாதியுமாய்க் கூரை தாங்கிய வாசிகசாலையின் கோன், விதிகள் பதினொன்றையும் தன் கைப்பட மட்டையில் எழுதிச் சுவரில் அறைந்த சட்டச் செம்மல், வெயிலுக்கும் குண்டு வீசும் பொம்மருக்கும் கலங்காது நாள்தோறும் எட்டு மணிக்குக் கதவு திறக்கும் கடமைச் சிங்கம், செயலாளர் சிவசுப்பிரமணியம் நீடு வாழ்க! தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணியில் அவர் பொருத பெரும் போரை உரைக்கின்றேன்; பொறுமையுள்ளோர் கேட்பீராக.

அக்காலத்தே கடதாசிப் பஞ்சத்தால் இளைத்து, ஒற்றைத் தாளாய் மடிந்து வந்த பத்திரிகை, வாசிகசாலைக்கு ஒன்றே ஒன்றுதான். ஆகவே பிறந்தது நான்காம் விதி: ‘வாசிப்பவர் தாமாக மேசையில் வைக்கும்வரை, அவர் கையிலிருந்து பத்திரிகையை எவரும் எடுத்தலாகாது.’ அன்று அதனை முதலில் வென்றெடுத்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் கனகசபாபதி. விரித்தார்; உட்பக்கத்தைச் சிறிது நோக்கினார்; மடித்து மார்போடு அணைத்தார்; பகைவர் கோட்டையைப் பிடித்த மன்னன்போல் இரு கையாலும் இறுகப் பற்றியபடியே கண் துயின்றார். குறட்டை முரசம் அதிர்ந்தது.

அவ்வேளை வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தாள் செல்வநாயகி. வட்டுக்கோட்டையில் அருமைநாயகி ரீச்சர் காலமான செய்தி முதல்நாள் மாலைதான் அவள் காதில் விழுந்தது. கணவனை இழந்து நின்ற நாளில் அவளுக்குத் தையல் பழக்கி, நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட வழி காட்டியவர் அந்த ரீச்சர். அன்று நடக்கவிருந்த அடக்கம் எத்தனை மணிக்கு என்பது மரண அறிவித்தலில் இருந்தது. அறிவித்தலோ உறங்கியவர் நெஞ்சில் இருந்தது.

“அண்ணை, ரீச்சரின்ரை அடக்கம் எத்தினை மணிக்கெண்டு ஒரேயொரு வரி. பாத்திட்டு உடனை தாறன்.”

செயலாள வீரர் நெஞ்சம் உருகிற்று, விதி உருகவில்லை. “பிள்ளை, நான் எழுதின விதியை நானே முறிச்சால், உந்த மட்டையைக் கழட்டி அடுப்பிலை வைக்க வேண்டியதுதான்!” என்று முழங்கினார்.

சட்டக் கல்லூரியில் ஒன்றரை ஆண்டு படித்துத் திரும்பிய பஞ்சலிங்கம், நீதியின் கொடி ஏந்தி, இருந்த வாங்குப் பலகையிலிருந்து பாய்ந்தெழுந்தார். “விதி வாசிக்கிற ஆளுக்கு! உவர் வாசிக்கிறாரோ? குறட்டையல்லோ விடுறார்! சட்டம் எண்டது நீதிக்குப் போடுற செருப்பு. காலுக்குத் தக்கதாய்த்தான் வெட்டவேணும்!”

“அவர் நித்திரையோ, கண்ணை மூடி யோசிக்கிறாரோ, ஆர் தீர்ப்புச் சொல்லுறது? இண்டைக்கு நித்திரை எண்டு பறிப்பியள். நாளைக்கு இமை வெட்டினாலே பறிப்பியள்!”

மூலையில் கரம் பலகையைச் சுற்றி ஆடியோர் காய்களை விட்டு இரு படைகளாய்ப் பிரிந்தனர். பஞ்சலிங்கத்தின் கை பருந்தென இறங்கிப் பத்திரிகையின் நுனியைத் தொட்டது. செயலாளரின் கை முதலையென எழுந்து அந்த மணிக்கட்டைக் கவ்வியது. நீதியும் சட்டமும் மல்லுக்கு நிற்க, மேசை சரிந்தது, மைப்போத்தல் உருண்டது, தூசி வானளாவிற்று.

இந்த அமளியில், உறங்கியவரின் மூக்குக்கண்ணாடி மெல்ல வழுகியதை வேறெவரும் காணவில்லை, செல்வநாயகி மட்டும் கண்டாள். உடைந்தால் அந்நாளில் இன்னொன்று எங்கே கிடைக்கும்? விழுமுன் ஏந்தி, சேலைத் தலைப்பால் துடைத்து, மெதுவாக அவர் மூக்கிலேயே பொருத்திவிட்டாள்.

குறட்டை முரசம் ஓய்ந்தது.

“பதினொரு மணிக்குப் பிள்ளை, தேவாலயத்திலை,” என்றார் கனகசபாபதி, கண்ணைத் திறக்காமலே. “நான் முதல் வாசிக்கிறது மரண அறிவித்தல்தானே. உவையள் இரண்டு பேரும் என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம்.”

பருந்தும் முதலையும் பிடி தளர்ந்தன. பத்திரிகை இன்னும் அவர் நெஞ்சிலேயே இருந்தது. நான்காம் விதிக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் மணியோ பத்து. நடந்தால் அடக்கத்துக்கு முன் வட்டுக்கோட்டை சேர முடியாதென அவள் கண் கலங்க, செயலாளர் பதினொரு விதிகளையும் மனத்துள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். சைக்கிளைப் பற்றி எதிலும் ஒரு சொல் இல்லை. சட்டைப் பையிலிருந்து, அன்று அவர் ஏறி வந்த, மகளுடைய லேடீஸ் சைக்கிளின் பூட்டுத் திறப்பை எடுத்து, செங்கோல் கையளிக்கும் வேந்தன்போல் இரு கையாலும் நீட்டினார்.

செயலாளர் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து போனார்.