பொருந்தாத ரேடியேட்டர்கள்

சாப்பாட்டு மேசையின் மேல் ரேடியேட்டரை வைக்கக் கூடாது என்று அந்த வீட்டில் சட்டம் எதுவும் இல்லை. அதுவரை யாருக்கும் வைக்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

"என்னங்க இது, சாப்பிடுற இடத்துல?" என்றாள் மனைவி.

"பேப்பர் விரிச்சிருக்கேன்."

"பேப்பரும் சேர்ந்துதானே நனையுது!"

மாப்பிள்ளை அவளுடைய தையல் டேப்பால் ரேடியேட்டரின் நீள அகலத்தை அளந்தான். சரியாக அளந்தோமா என்ற சந்தேகத்தில் மறுபடியும் அளந்தான். அளவு வேறாக வந்தது. பெருமூச்சு விட்டு இரண்டையும் குறித்துக்கொண்டான்.

ஆபீசில் அவனுக்கு வேறு பெயர், வேறு மரியாதை. அந்தக் காரைப் பொறுத்தவரை அவன் வெறும் மாப்பிள்ளை. மாமனார் காலமெல்லாம் ஓட்டிவிட்டு, கல்யாணம் ஆன கையோடு அவனிடம் சாவியைக் கொடுத்த கார் அது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

"வண்டி எப்படி இருக்கு, மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கு, மாமா."

அதன்பிறகு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்ப்பார்கள்.

மாதம் ஒருமுறை மாமனாரை அதே காரில் ஏற்றி, வெளியூரில் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவான். யாரும் கேட்கவில்லை. முதல் மாதம் மரியாதைக்காகச் செய்தான். நிறுத்தினால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று தொடர்ந்து செய்தான். கார் ஓட்டுவது அவனுக்கு அறவே ஆகாது. போய்வந்தால் இரண்டு நாள் இடுப்பு நிமிராது. இந்த மாதப் பயணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்து ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கிவிட்டது. காரை ஷெட்டில் விட்டு, மெக்கானிக் கழற்றிக் கொடுத்ததைத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தான்.

"அப்பாகிட்ட சொல்லிடலாமா?" என்றாள் மனைவி.

"வாய் தவறிக்கூடச் சொல்லாதே. குடுத்த பொருளைக் காப்பாத்தத் தெரியாதவன்னு நினைச்சுக்குவார்."

உதிரிபாகக் கடை முதலாளி, காரின் பெயரைக் கேட்டதுமே முகம் மலர்ந்தார். "அட, இது அவர் வண்டி ஆச்சே! மாமனார் சௌக்கியமா?"

"சௌக்கியம். ரேடியேட்டர்தான்..."

"ஏசி வண்டியா, ஏசி இல்லாததா?"

"ஏசி இருக்கு. ஓடாது."

"அப்போ ரெண்டுங்கெட்டான்" என்று தலையாட்டினார் முதலாளி. அளவுகளை வாங்கிக்கொண்டார். "காலையில வாங்க, எடுத்து வைக்கிறேன்."

சனிக்கிழமை காலை எடுத்து வைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனான் மாப்பிள்ளை.

மெக்கானிக் அதை முன்னும் பின்னும் திருப்பினார். "சார், தண்ணி போற கீழ் வாய் வலது பக்கம் இருக்கணும். இதுல இடது பக்கம் இருக்கே."

கடைக்குப் போன் போட்டார்கள். "அதனால என்ன? நீளமா ஒரு ஹோஸ் வாங்கிச் சுத்திவிடுங்க" என்றார் முதலாளி.

நீளமாக வாங்கிச் சுற்றிவிட்டார்கள். ஸ்டார்ட் செய்ததும் ஹோஸ் பெல்ட்டில் உரசியது. பெல்ட் அறுந்து, ஹோஸ் கிழிந்து, தண்ணீர் மெக்கானிக்கின் சட்டையில் பாய்ந்தது.

"நல்லவேளை, இன்னும் சூடாகலை" என்றார் மெக்கானிக், சட்டையைப் பிழிந்தபடி. அவர் தண்ணீரைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை.

மனைவியிடமிருந்து போன். "அப்பா பேசினார். வண்டி எப்படி இருக்குன்னு கேட்டார்."

"நல்லா இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன். 'அப்படியா'ன்னார். குரல் ஒரு மாதிரி இருந்துது."

இரண்டாவது ரேடியேட்டரில் வாய்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் ஆள் குண்டு. ஃபேன் போய் இடித்தது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினால் சரியாகும் என்றார் முதலாளி. தள்ளினால் ஹார்ன் தடுத்தது. ஹார்னைக் கழற்றினார்கள். இப்போது எல்லாம் சரி, பானெட் மட்டும் மூடவில்லை. மெக்கானிக் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பானெட் நெளிந்ததே தவிர மூடவில்லை.

"கயிறு போட்டுக் கட்டிடலாமா, சார்?"

மாமனாரை முன்சீட்டில் வைத்துக்கொண்டு, ஹார்ன் இல்லாமல், பானெட்டைக் கயிற்றால் கட்டிய காரை நெடுஞ்சாலையில் ஓட்டுவதை மாப்பிள்ளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். வேண்டாம் என்றான்.

மறுபடியும் மனைவி. "அப்பா திரும்பவும் பேசினார். மாப்பிள்ளை ரொம்ப அலையவேண்டாம், இந்த மாசம் வரலைன்னாலும் பரவாயில்லைன்னு சொல்லச் சொன்னார்."

"ஐயோ! கோபமா?"

"பரவாயில்லைன்னு அப்பா சொன்னாலே கோபம்னுதான் அர்த்தம். எப்படியாவது முடிச்சிடுங்க."

மூன்றாவதை முதலாளி கொண்டுவரும்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். "இது கண்டிப்பா... உக்காரணும்" என்றார். அதில் உபரியாக இரண்டு சின்ன வாய்கள் இருந்தன.

"இது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு உள்ளது, சார்" என்று மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க கடையில என்ன வண்டின்னுதான் சொன்னீங்க?"

மாப்பிள்ளைக்குத் தன் மீதே சந்தேகம் வந்தது. டேப்பைத் தப்பாகப் பிடித்தோமோ? வண்டியின் வருஷத்தை மாற்றிச் சொல்லிவிட்டோமோ? இன்னொருவனாக இருந்தால் முதல் தடவையே சரியாக வாங்கியிருப்பானோ? நேற்று வெறுமனே ஒழுகிக்கொண்டிருந்த கார், இப்போது பெல்ட், ஹார்ன், மானம் மூன்றும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பொழுது சாய்கிற நேரத்தில், பழைய கார்களை உடைக்கிற யார்டு ஒன்றுக்குப் போனார்கள். குவியலுக்கு அடியில் அதே மாடல் கார் ஒன்று நசுங்கிக் கிடந்தது. முன்பக்கம் மட்டும் தப்பியிருந்தது. மாப்பிள்ளையே உள்ளே தவழ்ந்து ஸ்பேனரைப் போட்டான். முழங்கை சிராய்த்தது. பேண்ட் கிழிந்தது. ரேடியேட்டர் கையோடு வந்தது.

அது அந்தக் காரிலேயே பிறந்து வளர்ந்ததைப் போலப் போய் உட்கார்ந்தது. புது பெல்ட் மாட்டினார்கள். ஹார்ன் அதன் இடத்துக்குத் திரும்பியது. பானெட் இரண்டு தட்டில் மூடிக்கொண்டது. இன்ஜின் முணுமுணுவென்று ஓட, சூடு காட்டும் முள் பாதியிலேயே அடங்கி நின்றது. மெக்கானிக்கும் மாப்பிள்ளையும் கட்டிக்கொள்ளாததற்கு ஒரே காரணம், இருவர் மேலும் இருந்த கிரீஸ்தான்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடு" என்றான் போனில். "காலையில சீக்கிரமே வந்து கூட்டிட்டுப் போறேன். போற வழியில ஊரைச் சுத்திக்கூடக் காட்டறேன்."

பொருந்தாதவற்றைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். முதலாளி இல்லை. பில் போடுகிற பெண் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தாள்.

"இதையெல்லாம் திருப்பி எடுத்துக்கோங்கம்மா" என்றான் மாப்பிள்ளை. களைப்பையும் மீறிச் சிரிப்பு வந்தது. "சரியானது கிடைச்சாச்சு. வெளியில பாருங்க, வண்டி ஜம்முனு நிக்குது."

அந்தப் பெண் குனிந்து, ஷட்டருக்கு அடியால் காரைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? எங்க முதலாளி நேத்தே விஷயத்தைச் சொல்ல, உங்க மாமனார் அதிலிருந்து அவருக்குப் போன் மேல போன் போட்டு, 'எதை வேணும்னாலும் குடுங்க, பொருந்தறதை மட்டும் குடுத்துடாதீங்க, இந்த ஒரு மாசமாவது நான் ரயில்ல நிம்மதியாப் போயிட்டு வந்துடறேன்'னு கெஞ்சிக்கிட்டிருந்தாரே!"