பதின்மூன்று அங்குல அடி

முதுகுக்குப் பின்னால் ஓர் அட்டவணை தொங்குமானால், அதன் முன்னால் அமர்ந்திருப்பவன் சொல்வதை உலகம் நம்பிவிடும். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராகப் பணியாற்றிய காலமெல்லாம் நான் இவ்வுண்மையின் நிழலில்தான் வாழ்ந்தேன். பேருந்து வராதபோது அட்டவணையைச் சுட்டிக்காட்டினால், பயணி தம் கைக்கடிகாரத்தைச் சந்தேகிப்பார். அட்டவணைக்கும் பேருந்துக்கும் முரண்பாடு நேர்ந்தால் பிழை பேருந்தினுடையதே என்பது என் கொள்கை. அக்கொள்கை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை ஒளிவின்றி இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்றதும் வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையைத் தச்சுப் பட்டறை ஆக்கினேன். ரம்பம், இழைப்புளி, துளையிடும் மின்கருவி யாவும் வந்து சேர்ந்தன. (தச்சுவேலை மட்டும் வந்து சேரவில்லை.) ஆயினும் சுவர் வெறுமையாக இருந்தது. ஆணி அளவு, திருகாணி அளவு, துளை அளவு ஆகியவற்றைக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தேடிக் கடைத்தெரு முழுதும் அலைந்தேன். புத்தகக் கடையில் பழங்கள், காய்கறிகள், நற்பழக்கங்கள் ஆகிய மூன்று சார்ட்டுகளே இருந்தன. நற்பழக்கங்களையாவது வாங்கியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

இறுதியில் ஃபிளெக்ஸ் கடைக்காரர் கணினியில் தேடி, நான் விரும்பியதையே எடுத்துக் காட்டினார். ஆணிகளும் துளைகளும் வரிசையாக நிற்க, அவற்றின் கீழே ஓரடி அளவுகோல் ஒன்று படுத்திருந்தது. அதன்மேல் ‘உண்மை அளவு’ என்று எழுதியிருந்தது.

“எந்தப் பக்கமும் வெற்றிடம் இருத்தல் ஆகாது,” என்றேன்.

“அதுக்கு இன்னா சார், கொஞ்சம் இழுத்து வுட்டா ஃபுல்லா வந்துடும். இந்தக் கார்னரு சும்மா கெடக்குது, உங்க போட்டோ ஒண்ணு வெச்சிடட்டா?”

நான் மறுக்கவில்லை. கைகூப்பிய கோலத்தில் மூலையில் இடம்பெற்றேன். (அதனைக் கொட்டகையில் கட்டிய அன்று, படத்தை முதலிலும் என்னைப் பின்னரும் கண்ட பக்கத்து வீட்டார் சற்றுத் தடுமாறினர்.)

அப்போது என் மகள் செல்வி அனந்தபுரத்தில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள். பூஜையறைக்குக் கடையில் கதவு வாங்கிவிடலாம் என்று அவள் மாமனார் சொன்னதற்கு, “எங்க நைனா பண்ணித் தருவாரு மாமா, கடக் கதவெல்லாம் வேணாம்,” என்று புகுந்த வீட்டார் அனைவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள். பதித்து முடித்த நிலைச்சட்டத்தின் அளவைச் சம்பந்தி தொலைபேசியில் தெரிவித்தார். உயரம் ஆறடி, அகலம் இரண்டரை அடி.

அட்டவணையின் அளவுகோலை வைத்து, நீண்ட மரச்சட்டம் ஒன்றில் அடியடியாகக் குறியிட்டு ஒரு முழக்கோல் செய்தேன். வீட்டிலிருந்த டேப்பை அருகில் வைத்துப் பார்த்தபோது, டேப்பில் பதின்மூன்று அங்குலம் வந்த இடத்தில்தான் அட்டவணையின் ஓரடி முடிந்தது. நான் ஒரு கணமும் தயங்கவில்லை. டேப், திருவிழாக் கடையில் வாங்கியது; அட்டவணையோ என் சுவரில் தொங்குவது. டேப்பைக் குப்பையில் சேர்த்தேன்.

மரக்கடையில் வாங்கிவந்த ஆறடிப் பலகைகள் என் கோலுக்கு ஐந்தரை அடியே இருந்தன. கோலும் கையுமாகக் கடைக்குத் திரும்பினேன்.

“பெரியவரே, முப்பது வருசமா இதே டேப்புலதான் அளந்து குடுக்கறேன்,” என்றார் கடைக்காரர்.

“அவ்வாறாயின் முப்பது ஆண்டுகளாக மக்கள் ஏமாந்திருக்கிறார்கள்,” என்றேன்.

அவர் என் கோலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஏழடிப் பலகைகளாக மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மணிகள் தொங்கும் இரட்டைக் கதவு உருவாயிற்று. பட்டறைக்குள் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு பிசகின்றிப் பொருந்தியது. என் துணைவி மட்டும் வாயிலில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

“இன்னாங்க, இது பூஜ ரூமுக்கா, மலமேல இருக்குற கோட்டைக்கா?”

அட்டவணையைச் சுட்டிக்காட்டினேன். அவளும் பயணிகளைப் போலவே தன் கண்களைச் சந்தேகித்தாள்.

வார்னிஷ் உலர வேண்டியிருந்ததால், புதுமனை புகுவிழாவன்று காலையில்தான் கதவுகள் வண்டியேறி அனந்தபுரம் சேர்ந்தன. உறவினர் சூழ, ஒரு கதவை நிமிர்த்தி நிலைக்கு நேராக நிறுத்தினேன். அது நிலையைக் கடந்து சுவரில் அரையடி ஏறி நின்றது.

செல்வி என்னைப் பார்க்காமல் கதவின் மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பவே சொன்னோம், கடையில வாங்கிக்கலாம்னு,” என்று அவள் மாமியாரின் குரல் பின்னாலிருந்து வந்தது.

“நிலையைத் தவறாகப் பதித்திருக்கிறார்கள்,” என்றேன்.

சம்பந்தி டேப்பை எடுத்து நிலையை அளந்தார். ஆறடி. கதவை அளந்தார். ஆறரை அடி. பின்னர் டேப்பை என் கையில் கொடுத்தார். நானும் அளந்தேன். சுட்டிக்காட்டுவதற்கு என் முதுகுக்குப் பின்னால் ஏதுமில்லை.

“எதால அளந்தீங்க நைனா?” என்றாள் செல்வி.

“அட்டவணையால்.”

“எந்த அட்டவணை?”

“என் படம் போட்டது.”

முதலில் சிரித்தவள் அவள்தான். அதன்பின் அந்த வீட்டில் சிரிக்காதவன் நான் ஒருவனே.

“கதவு ஒண்ணும் கெட்டுப்போவல சம்பந்தி,” என்று என் தோளைத் தட்டினார் மாப்பிள்ளையின் தந்தை. “அதோ கட்டடக் கல்லு மிச்சம் கெடக்குது பாரு, எடுத்தாந்து அடுக்குங்கப்பா!”

கற்களின் மேல் கதவுகளைக் கிடத்தி, இலை போட்டு, விருந்தினர் அனைவருக்கும் அவற்றின்மீதே பந்தி நடந்தது. அடியில் தொங்கிய மணிகள், உண்போரின் முழங்கால் பட்டபோதெல்லாம் ஒலித்தன. பூஜையறை வாயிலில் என் மேல்துண்டு திரையாகத் தொங்கியது.

அக்கதவுகள் இன்றும் என் மகள் வீட்டின் உணவு மேசை. எங்கள் குடும்பத்தில் எவர் எதைப் பெரிதுபடுத்திச் சொன்னாலும், “இது டேப்பு அளவா, நைனா அளவா?” என்று உடனே கேள்வி பிறக்கும். அட்டவணையைக் கழற்ற முனைந்தபோது என் துணைவி தடுத்துவிட்டாள். பேருந்து நிலையத்துப் பெருமைகளை நான் பேசத் தொடங்கினால், இப்போது அதைச் சுட்டிக்காட்டுபவள் அவள்.

டேப்பின்படி என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். அந்த அட்டவணையின்படி ஐந்தடி ஓர் அங்குலமே.