மாமனாரை ஜெயிப்பதற்கான பிளாஸ்டிக்

ஒரு குடும்பத்தின் பண்பாட்டை அளக்க அவர்கள் வீட்டுப் புத்தக அலமாரியைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வீட்டு மாப்பிள்ளைகள் எந்தக் காற்றுக்கு எந்த பிளாஸ்டிக்கைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். நாகரிகம் அவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது.

டிஸ்க் கோல்ஃப் என்னும் மேலான விளையாட்டைக் கேள்விப்படாத அப்பாவிகளுக்காக ஒரு சிறு விளக்கம். கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில், கம்பத்தில் மாட்டிய இரும்புக் கூடை, அதன்மேல் சங்கிலிகள். தூரத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்து போய் மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடையில் போட்டவர் ஜெயித்தவர். வீட்டில் தட்டை எறிந்தால் சண்டை என்பார்கள். பூங்காவில் எறிந்தால் உடற்பயிற்சி.

நம்முடைய மூத்த மாப்பிள்ளை ஒரு வாளித் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஏறி நின்று, உடையாவிட்டால் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். ஆகவே பிளாஸ்டிக் விஷயத்தில் அவர் சொல்வதை மறுத்துப் பேச ஊரில் ஆள் கிடையாது, அவருடைய சகலையைத் தவிர. சகலை பல் டாக்டர். அவரும் ஒரு வகையில் அந்தத் துறைதான். பாதி ஊர் அவர் கட்டிக் கொடுத்ததை வைத்துத்தான் மென்றுகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் பூங்காவில் மோதுவார்கள். மோதி மோதி, பிளாஸ்டிக் ஞானத்தில் கரை கண்டார்கள். மட்ட ரகத் தட்டு கையில் நன்றாகப் பிடிபடும். கூடைக்குப் பக்கத்தில் நின்று போட அதுதான். ஆனால் மரத்தில் மோதினால் ஓரம் பிய்ந்து, பிறகு தன் இஷ்டத்துக்கு வளைந்து போகும். மரம் அடர்ந்த இடத்துக்குக் கண்ணாடி ரகம். எதில் மோதினாலும் கீறல் விழாது, ஆனால் ஈரம் பட்டால் மீன் மாதிரி நழுவும். மழைக்கும் குளிருக்கும் மெத்தென்ற ரப்பர் ரகம். அதையே உச்சி வெயிலில் எடுத்தால் நனைந்த அட்டை மாதிரி தொங்கிவிடும். குளத்தைத் தாண்ட மிதக்கும் ரகம். எதிர்காற்றில் மட்டும் அதை எறியக் கூடாது. எறிந்தவரே திரும்பப் பிடித்துக்கொள்ளும்படி ஆகும்.

கல்யாண வீட்டிலும் இதைத்தான் பேசினார்கள். துக்க வீட்டிலும் இதைத்தான் பேசினார்கள், குரலைத் தாழ்த்தி.

இப்படி இருக்கையில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். மனைவி போன பிறகு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் விழுந்தவர் எழுந்திருக்க முடியாமல் அரைநாள் அங்கேயே கிடந்தார் என்று தெரிந்ததும் மகள்கள் இருவரும், "அப்பா இனிமே தனியா இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டார்கள். யார் வீட்டில் இருப்பது என்பதுதான் கேள்வி.

"என் பாக்கியம். ஆனா சகலை வீடு நல்ல காத்தோட்டம்," என்றார் ஆய்வாளர்.

"என் பாக்கியமும்தான். ஆனா அண்ணன் வீட்டுக்கு எதிர்த்தாப்லயே ஆஸ்பத்திரி," என்றார் பல் டாக்டர்.

"காத்து முக்கியம் சகலை. வயசானவங்களுக்குக் காத்துதான் மருந்து."

"ஆஸ்பத்திரியில இல்லாத மருந்தா அண்ணே?"

ஆய்வாளருக்கு மாமா மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் வீட்டில் ஓர் உபரி அறை இருந்தது. அதில் அவருடைய தட்டுகள் இருந்தன. நல்ல பிளாஸ்டிக்கை வெயில் படாமல், ஈரம் தட்டாமல், சீரான சூட்டில், படுக்கை வசமாக வைக்க வேண்டும். மாமாவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் மாமா வந்தால் தட்டுகளை எங்கே வைப்பது? பல் டாக்டர் வீட்டிலும் ஓர் உபரி அறை உண்டு. அதில் ஊராருடைய தாடை அச்சுகள் அலமாரி அலமாரியாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

விவாதம் முடிகிற வழியாக இல்லை. கடைசியில் இளையவள்தான் சலித்துப்போய்ச் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் அவ்வளவு ஆசைன்னா விளையாடித் தீர்த்துக்குங்க. யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க வீட்டுக்கு அப்பா வரட்டும்."

மாப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியம் என்று வாய்விட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஞாயிறு காலை. பூங்காவில் காற்று சுழற்றி அடித்தது. இரண்டு தோளிலும் இரண்டு தட்டுப் பைகளை மாட்டிக்கொண்டு மாமனார் நின்றார். "எனக்காகத்தானே விளையாடறீங்க, பையையாவது தூக்கறேன்," என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டார்.

முதல் கூடை, நேர் எதிர்காற்று. ஆய்வாளர் வானத்தைப் பார்த்தார், புல்லைக் கிள்ளித் தூவிப் பார்த்தார், விரலை நனைத்து நீட்டிப் பார்த்தார். பிறகு பைக்குள் கைவிட்டு, இருப்பதிலேயே எடை குறைந்த மிதக்கும் தட்டை எடுத்தார்.

"மாப்ளே, அது குளத்துக்கு உள்ளதுல்ல?" என்றார் மாமனார்.

"இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஈரமா இருக்கு மாமா."

எறிந்தார். தட்டு மேலே போய், யோசித்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து இறங்கியது.

பல் டாக்டர் அந்தத் தட்டைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். தன் பையிலிருந்து, ஓரமெல்லாம் பிய்ந்துபோன, எலி கடித்தது போன்ற ஒரு மட்ட ரகத் தட்டை எடுத்தார். அது இடதுபக்கம் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

"அருமை சகலை," என்றார் ஆய்வாளர். குரலில் பொறாமை இருந்தது.

அன்று அங்கே நடந்ததை, பிளாஸ்டிக் தேர்வின் சரித்திரத்தில் ஒரு மைல்கல் என்று கூசாமல் சொல்லலாம். சரியான தட்டைத் தேர்ந்தெடுக்கச் சாதாரண அறிவு போதும். ஒவ்வொரு காற்றுக்கும் ஒவ்வொரு சரிவுக்கும், இருப்பதற்குள்ளேயே மிகத் தவறானதை, அதுவும் பக்கத்தில் நிற்கிற மாமனாருக்குத் தெரியாமல் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், கரை கண்டவர்களால்தான் முடியும். மரத்தோப்புக்குள் மட்ட ரகத்தை எறிந்தார்கள். வெயில் அடித்த வெட்ட வெளியில் ரப்பரை எறிந்தார்கள். குளத்தைத் தாண்டுவதற்கு, கல் மாதிரி மூழ்குகிற கனத்த தட்டைப் பல் டாக்டர் எடுத்தபோது ஆய்வாளருக்குக் கண் கலங்கியது. அவரிடம் அவ்வளவு கனமான தட்டு இல்லை.

ஆனால் பிளாஸ்டிக்குக்கு மனசாட்சி கிடையாது. மழை பிடித்ததும் ஆய்வாளர் கண்ணாடி ரகத்தை எடுத்தார்.

மாமனார் பையைத் துழாவி ஒரு தட்டை நீட்டினார். "மாப்ளே, மழைக்கு ரப்பர்தானே?"

"அது சாதாரண மழைக்கு மாமா."

தட்டு கையிலிருந்து நழுவி, மரத்தில் மோதி, கல்லில் எகிறி, கூடையின் காலடியில் போய் மரியாதையாக உட்கார்ந்தது.

"பிரமாதம் அண்ணே," என்றார் பல் டாக்டர், மலர்ந்த முகத்துடன். "மாமா உங்களுக்குத்தான்னு எழுதியிருக்கு."

"எல்லாம் மாமாவோட ஆசீர்வாதம்," என்றார் ஆய்வாளர், பல்லைக் கடித்துக்கொண்டு. அடுத்த கூடையில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில், தட்டைத் தெரியாமல் தட்டிவிட்டு ஓர் எறியை வீணாக்கினார். அதற்கு அடுத்ததில் பல் டாக்டருக்குத் திடீரென்று தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இடது கையால் எறிந்தார். நேராகப் போனது. ஒடிந்துபோனார்.

கடைசிக் கூடைக்கு வந்தபோது இருவரும் சமநிலை. மழை கொட்டியது. இருவருடைய தட்டுகளும் கூடைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. எறியக்கூட வேண்டாம், வைத்தால் போதும். இங்கே தவறவிடுவதற்கு ஏற்ற பிளாஸ்டிக்கை உலகத்தில் எந்தக் கம்பெனியும் இன்னும் தயாரிக்கவில்லை.

"போடுங்க அண்ணே, நீங்கதான் மூத்தவர்."

"சின்னவங்களுக்கு விட்டுக் கொடுக்கணும் சகலை. நீங்க போடுங்க."

"உங்க தட்டுதான் கொஞ்சம் தள்ளி இருக்கு. தள்ளி இருக்கிறவர்தான் முதல்ல போடணும்."

"தள்ளியா? சாண் வச்சு அளந்து பார்க்கலாமா?"

அளந்தார்கள். தண்ணீர் தேங்கியதால் அளவு துல்லியமாக வரவில்லை என்று ஆய்வாளர் ஆட்சேபம் தெரிவித்தார். மறுபடி அளந்தார்கள்.

மாமனார் நனைந்த பைகளைத் தோளில் சுமந்தபடி தள்ளி நின்றிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு பையைக் கீழே வைத்து, உள்ளேயிருந்து ரப்பர் தட்டை எடுத்து, வேட்டியா துண்டா என்று பார்க்காமல் கையில் அகப்பட்டதில் துடைத்து, நின்ற இடத்திலிருந்தே விட்டெறிந்தார். சங்கிலி சலசலத்தது. தட்டு கூடைக்குள் விழுந்தது.

"மழைக்கு இதுதான் மாப்ளே," என்றார். "நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

மாப்பிள்ளைகள் இருவரும் தரையில் குந்தியபடியே கூடையைப் பார்த்தார்கள். முதலில் தெளிந்தவர் பல் டாக்டர்.

"அண்ணே. கடைசிக் கூடையில முதல்ல போட்டது யாரு?"

ஆய்வாளர் எழுந்தார், கூடையைச் சுற்றி வந்தார், தட்டைத் தொட்டுப் பார்த்தார். "சந்தேகத்துக்கே இடமில்ல. மாமாதான்."

"ஒரே எறி."

"ஒரே எறிதான். நாம ரெண்டு பேரும் எங்கேயோ இருக்கோம்."

மாமனார் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "அப்போ ஜெயிச்சவன் வீட்டுக்கு நான் போகணும்."

"பேச்சுன்னா பேச்சு மாமா."

"ஜெயிச்சவன் நான்."

"உங்க பாக்கியம் மாமா," என்றார்கள் இருவரும், கிட்டத்தட்ட ஒரே குரலில்.

மாமனார் சற்று யோசித்தார். "பரவால்ல. அந்த ஆளை எனக்குப் பழக்கம்தான். குறட்டை விடுவான். மத்தபடி தொந்தரவு இல்ல."

கார் அருகில் வந்ததும் ஆய்வாளர் உலர்ந்த துண்டை எடுத்து ஒவ்வொரு தட்டாகத் துடைத்து அடுக்கினார். ஈரத்தோடு வைத்தால் பிளாஸ்டிக் கெட்டுவிடும். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, யாரு ஜெயிச்சது?"

"அப்பா."

"அப்பாவா? விளையாட்டுல அப்பா எங்க வந்தாரு?"

"நல்லாத்தான் எறிஞ்சாரு. நியாயமான ஆட்டம். அவர் வீட்டுலயே கொண்டு விட்டுட்டு வர்றோம்."

மறுமுனையில் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்கு சிக்னல் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்.

மாமனாரை இருவருமாகக் கைத்தாங்கலாக மாடியேற்றினார்கள். அவர் பூட்டைத் திறந்தார். "உள்ள வாங்க. தலையையாவது துவட்டிக்கிட்டுப் போங்க."

ஆய்வாளர் தன் கால்களைப் பார்த்தார். "வேண்டாம் மாமா, செருப்பெல்லாம் சேறு."

"ஆமா மாமா, வீடு அசிங்கமாயிடும்," என்றார் பல் டாக்டர்.

"கழட்டிட்டு வரலாமே," என்றார் மாமனார். அதற்குள் இருவரும் பாதி மாடி இறங்கியிருந்தார்கள்.

இந்தச் சுத்தம் எத்தனை பேருக்கு வரும்? எத்தனையோ குடும்பங்களில் எத்தனையோ பேர் பெரியவர்களைத் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள். போகிற அவசரத்தில் அங்கங்கே சேற்றுக் காலடியைப் பதித்துவிட்டுப் போகிறார்கள். இவர்கள் அப்படியில்லை. நாளைக்கே ஏதாவது ஆகி, போலீஸ் வந்து கதவை உடைத்துப் பார்த்தாலும், அந்த வீட்டுக்குள் இந்த இருவருடைய தடயம் ஒன்றுகூட அகப்படாது.